சட்டம் விட்டுவைத்த விட்டம்

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவுக்குக் காலிபர் என்று பெயர். இந்திய உரிமப் புத்தகங்களிலும் துப்பாக்கிக் கடைப் பேச்சிலும் அது ‘போர்’ என்றே வழங்கிவருகிறது. புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க முனையும் அமெரிக்கர் 9 மில்லிமீட்டரா, .40-ஆ, .45-ஆ என்று பல மாதங்கள் யோசிக்கலாம், கடைக்காரரோடு வாதிடலாம். ஆனால் சென்னையின் தென்புறநகரில், ஜி.எஸ்.டி. சாலையோரப் பொத்தேரியிலோ கூடுவாஞ்சேரியிலோ வாழும் ஒருவர் முறைப்படி உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வாங்கப் போனால், அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 என்ற ஒரே எண்தான். இந்த எண் மற்றவற்றோடு போட்டியிட்டு வென்று வந்ததன்று; படைக்கிடங்கில் எந்தத் தோட்டா இருந்ததோ அதைக் குடிமக்கள் தொடக்கூடாது என்று பல பத்தாண்டுகளாக அரசு ஒவ்வொன்றாக விலக்கிவந்த பின் எஞ்சி நின்றது.

இந்த எண்களின் கணக்கை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. .32 என்பது அங்குலத்தை நூறாகப் பகுத்தால் வரும் முப்பத்திரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்; ஐரோப்பியக் கணக்கில் அதே தோட்டாவுக்கு 7.65 மில்லிமீட்டர் என்று பெயர். வேட்டைக்குரிய 12 போர் துப்பாக்கியின் கணக்கு முற்றிலும் வேறு: ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலில் கச்சிதமாக நுழையுமோ அது 12 போர் என்பதால், அங்கே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். எண்ணைவிட முக்கியமானது தோட்டாவின் வடிவம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுழல்துப்பாக்கியாகிய ரிவால்வருக்குரிய தோட்டாவின் அடியில், அது அறைக்குள் விழுந்துவிடாமல் தாங்க ஒரு விளிம்பு புடைத்து நிற்கும்; கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டு விசையால் மேலேறும் பிஸ்டல் தோட்டாக்களில் அந்த விளிம்பு இருக்காது, அல்லது மிகச் சிறிதாக இருக்கும். ஆகவே ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு தோட்டாக்கள் ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்று பொருந்தாதவையாக இருப்பது வழக்கம். பின்னாளில் இந்தியச் சட்டம் விளிம்புள்ளது, விளிம்பற்றது என்று பிரித்துப் பிரித்துப் பேசியதற்கு இதுவே காரணம்.

தென்னாட்டில் ஆயுதக் கட்டுப்பாடு குழலளவிலிருந்து தொடங்கவில்லை. பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களின் மக்கள் எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுத்தது. லிட்டன் வைசிராயாக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் என்ற ஏற்பாட்டை நாடு முழுதும் நிலைநாட்டியது; அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்ததால், உரிமம் கேட்டு நிற்கவேண்டியவர் இந்தியரே ஆனார். யார் வைத்திருக்கலாம் என்பதே அந்தக் காலத்துக் கேள்வி. எந்த அளவுக் குழல் என்ற கேள்வி இன்னும் எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது வடமேற்கு எல்லை. பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி .45 அங்குலக் குண்டைச் சுட்டது. அதற்குப் பின் வந்த லீ-மெட்ஃபர்டும் லீ-என்ஃபீல்டும் .303 அளவின. எல்லைப்புறப் பழங்குடியினரிடம் திருட்டு வழியிலும், மஸ்கட் துறைமுகம் வழியாக நடந்த கடத்தலிலும் துப்பாக்கிகள் சேர்ந்துகொண்டிருந்த வேளையில், அவற்றுக்குத் தீனியாகும் தோட்டா சந்தையில் கிடைக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் .450 அளவு வேட்டைத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டதும், யானை வேட்டைக்கும் புலி வேட்டைக்கும் இந்தியச் சந்தையை நம்பியிருந்த லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் .465, .470, .476 என்று தடைக்குச் சற்றே தள்ளி நிற்கும் புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தனர். .303-க்குப் பதிலாக .315 என்ற அளவு இந்திய வேட்டைத் துப்பாக்கிகளில் வேரூன்றியதும் இதே காரணத்தால்தான். அரசுத் தொழிற்சாலைகள் இன்றும் அந்த .315 ரைஃபிளைக் குடிமக்களுக்கு விற்கின்றன. படையின் தோட்டா குடிமகனின் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்ற விதியின் வித்து இங்கே விழுந்தது.

கைத்துப்பாக்கியிலும் படையின் அளவு ஒன்று இருந்தது. அருகில் பாய்ந்து வருபவனை ஒரே சூட்டில் நிறுத்தவேண்டும், அதற்குப் பெரிய, கனத்த குண்டு தேவை என்பது காலனிப் போர்களில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் ஊறிப்போன நம்பிக்கை. 1887-இல் படை ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவால்வர் அந்த நம்பிக்கையின் வடிவம்: .455 அளவு, 17 கிராம் ஈயக் குண்டு, விநாடிக்கு 200 மீட்டருக்கும் குறைந்த வேகம். சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவு ஒருகாலத்தில் நிலைகொண்டிருந்த பரங்கிமலையிலும், அடுத்திருந்த பல்லாவரம் படைமுகாமிலும் அதிகாரிகளின் இடைவாரில் தொங்கியது இந்த இனத்து ரிவால்வர்தான். முதல் உலகப்போருக்குப் பின், அவசரமாகப் பயிற்சி பெறும் வீரனுக்கு .455-இன் கனமும் உதைப்பும் மிகை என்று கண்டு, 1932-இல் .38 அளவுள்ள என்ஃபீல்டு ரிவால்வருக்குப் படை மாறியது; அதன் தோட்டாவுக்குப் படைக்கிடங்குப் பெயர் .380. இரண்டாம் உலகப்போரில் கனடாவின் இங்கிலிஸ் ஆலையில் உருவான ப்ரௌனிங் பிஸ்டலோடு 9 மில்லிமீட்டரும் வந்து சேர்ந்தது. விடுதலைக்குப் பின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை அதையே இந்தியப் படைக்காகச் செய்தது.

படைக்கு வெளியே பரவியது வேறோர் இனம். அமெரிக்கரான ஜான் ப்ரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1900 வாக்கில் விற்கத் தொடங்கிய சட்டைப்பைப் பிஸ்டல் ஐரோப்பா முழுதும் பரவியது; .32 அளவில் இன்று வழங்கும் பிஸ்டல் தோட்டா அதற்காகவே பிறந்தது. தட்டையாகவும் சிறிதாகவும் இருந்ததால் மறைத்து எடுத்துச்செல்ல ஏற்ற ப்ரௌனிங் பிஸ்டல்கள் விரைவில் புரட்சியாளர் கைகளுக்கும் வந்தன. லண்டனிலிருந்து சாவர்க்கர் 1909-இல் இருபது ப்ரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று அதே ஆண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் கொலையில் பயன்பட்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜிய ப்ரௌனிங் ஒன்றால்தான். உரிமச் சட்டம் எவ்வளவு இறுக்கமானாலும் புதுச்சேரி போன்ற பிரெஞ்சு எல்லைகள் வழியே பிஸ்டல் வந்துசேரும் என்பதை அந்தச் சம்பவம் அரசுக்கு உணர்த்தியது; ஆயினும் சிறிய அளவுப் பிஸ்டலைப் படை பயன்படுத்தாததால், குழலளவுத் தடையின் பட்டியலில் அது இடம்பெறவில்லை.

விடுதலை பெற்ற இந்தியா 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1959-இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இனப் பாகுபாடு மறைந்த அந்தச் சட்டத்தில், காலனிக் காலத்துக் கிடங்குக் கணக்கு மட்டும் அப்படியே தொடர்ந்தது. 1962 விதிகளின் அட்டவணை, .380 அல்லது .455 விளிம்புள்ள தோட்டாவையோ, படைப் பயன்பாட்டுக்குரிய 9 மில்லிமீட்டர் அல்லது .45 விளிம்பற்ற தோட்டாவையோ ஏற்றுச் சுடக்கூடிய எந்தப் பிஸ்டலும் ரிவால்வரும் தடைசெய்யப்பட்ட வகை என்று வரையறுத்தது. இந்த வாசகத்தைக் கூர்ந்து பார்த்தால் அதன் தர்க்கம் விளங்கும். துப்பாக்கியின் ஆற்றல், குண்டின் வேகம், குழலின் நீளம் எதையும் அது அளக்கவில்லை. அரசின் கிடங்கிலிருந்து கசியும் தோட்டா அந்த அறைக்குள் நுழையுமா என்று மட்டுமே கேட்டது. வெப்லி .455 படையை விட்டு நீங்கிய பின்னும் பட்டியலில் இருந்தது அந்தத் தர்க்கத்தின் எச்சம். தடையுற்றதைக் கடைப் பேச்சில் ‘பி.பி.’ என்றும், தடையற்றதை ‘என்.பி.பி.’ என்றும் சுருக்கிச் சொல்வார்கள். முன்னதற்கு நடுவண் அரசின் தனி அனுமதி தேவை, பின்னதற்கு மாவட்ட அளவிலேயே உரிமம் கிடைக்கும்.

இந்தப் பிரிவினை குடிமகனுக்கு முக்கியமாக விட்டுவைத்தது இரண்டு .32 தோட்டாக்கள். ஒன்று 1896-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் வெளியிட்ட நீண்ட ரிவால்வர் தோட்டா: அடியில் விளிம்பு, 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளக் கூடு, ஆறரை கிராம் எடையுள்ள, பெரும்பாலும் ஈயத்தாலான குண்டு. மற்றொன்று ப்ரௌனிங் பிஸ்டலுக்குரியது: 17 மில்லிமீட்டர் கூடு, செம்புறை போர்த்திய நாலரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட குண்டு. இரண்டையும் உள்ளங்கையில் அருகருகே வைத்தால் முதலாவது சுண்டுவிரலின் நடுக்கணு வரை நீளும். இரண்டாவது அதைவிடக் குட்டையானது. பிஸ்டல் தோட்டாவின் ஆற்றல் ஏறத்தாழ 170 ஜூல் என்றால், தடையுற்ற 9 மில்லிமீட்டரின் ஆற்றல் 480 ஜூலை ஒட்டியது. அதாவது குடிமகனுக்குக் கிடைப்பது காவலரின் பிஸ்டலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. .32 நல்லதா, போதுமா என்று எழும் வாதங்களுக்கெல்லாம் அடிப்படை இந்த வேறுபாடே.

பல பத்தாண்டுகள் வெளிநாட்டு .32-களும் கடைகளில் புழங்கின. கடிகாரத்துக்குப் பேர்பெற்ற சென்னை மவுண்ட் ரோடு நிறுவனமான பி. ஆர் அண்ட் சன்ஸ் காலனிக் காலத்தில் தன் பெயர் பொறித்த துப்பாக்கிகளையும் விற்றது என்பது, அந்த வணிகம் எவ்வளவு சகஜமாக இருந்தது என்பதைக் காட்டும். 1980-களின் நடுப்பகுதியில் தனியார் இறக்குமதிக்கு அரசு கதவடைத்ததும், தேர்ந்த துப்பாக்கிச் சுடும் வீரர் போன்றோருக்கு அளித்த விலக்கு நீங்கலாக, சந்தை உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் கைக்குப் போனது. வெளிநாட்டு வெப்லியோ வால்தரோ இன்று கைமாறினால், தன் நாட்டு விலையைப் போலப் பல மடங்கு கேட்பது இந்த வறட்சியின் விளைவு. கான்பூர் ஆலைகள் வெப்லியின் நடுவில் மடங்கித் திறக்கும் அமைப்பைச் சிறிதாக்கி .32 ரிவால்வரைச் செய்தன. இஷாபூர் ‘அஷானி’ என்ற .32 பிஸ்டலைத் தந்தது. 2014 ஜனவரியில் பெண்களை முன்னிட்டு வெளியான, அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ ரிவால்வரும், தோட்டா உருளை பக்கவாட்டில் விலகித் திறக்கும்படி 2023 ஆகஸ்டில் வந்த ‘பிரபல்’ ரிவால்வரும் .32-தான். கைப்பிடி மாறியது, உலோகம் மாறியது, திறக்கும் முறையும் மாறியது. குழலின் விட்டம் மாறவில்லை. 2016-இன் புதிய விதிகள் தனியார் ஆலைகளுக்கு வழிவிட்ட பின் வந்த உற்பத்தியாளரும் குடிமகனின் சந்தைக்கு முதலில் கொண்டுவந்த கைத்துப்பாக்கிகள் இதே அளவின.

சென்னைத் தென்புறநகரில் இந்தப் பிரிவினையை நிலப்பரப்பிலேயே காணலாம். பொத்தேரிக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த அனுமந்தபுரத்தில் படையினரும் காவல்படைகளும் சுட்டுப் பழகும் தளம் உண்டு. ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் துப்பாக்கிச் சுடும் தளம். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவல்துறைப் பயிற்சியகம். இங்கெல்லாம் ஒலிப்பது 9 மில்லிமீட்டரும் பிற படை அளவுகளும். அதே சாலையில் கல்லூரிகளுக்கும் அடுக்ககங்களுக்கும் இடையே வாழும் உரிமதாரர், உரிமத்துக்காக, 2022 ஜனவரியில் உருவான தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் என்றால் ஆணையரையும், அதற்கு வெளியே என்றால் மாவட்ட ஆட்சியரையும் அணுகவேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அவற்றையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குவது தமிழ்நாட்டு உரிமதாரருக்குப் பழகிப்போன சடங்கு.

ஆக, வாங்குபவரின் தேர்வு மிகக் குறுகியது: ஆறு தோட்டா கொள்ளும், எளிதில் சிக்காத ரிவால்வரா, தட்டையான, கூடுதல் தோட்டா கொள்ளும் பிஸ்டலா என்பது ஒன்று, பயிற்சிக்கு விலை மலிந்த .22 போதுமா என்பது மற்றொன்று. உரிமம் கைக்கு வந்த பின் குறித்த காலத்துக்குள் துப்பாக்கியை வாங்கி, அதிகாரியிடம் காட்டி, அதன் எண்ணைப் பதியவேண்டும். தோட்டா வாங்கும்போதெல்லாம் எத்தனை என்று கடைக்காரர் உரிமத்தில் குறித்துக் கையொப்பமிடுவார். அந்தப் பக்கத்தில் ‘போர்’ என்ற தலைப்பின் கீழ் மையால் எழுதப்படும் .32 என்ற எண்ணுக்குப் பின்னால் மஸ்கட்டின் கடத்தல் படகுகளும் எல்லைப்புற மார்ட்டினிகளும் 1962-இன் அட்டவணையும் நிற்கின்றன; எழுதுபவருக்கோ அது நிரப்பவேண்டிய ஒரு கட்டம் மட்டுமே.