அழகு முகத்துக்குள் மறைந்திருந்த வலி

செல்ல நாய் ஒன்று கழுத்தருகே காற்றைச் சொறிகிறது. கால் தோலில் படுவதே இல்லை. பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. அந்த நாய்க்கோ அது வேதனை. கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் இனத்தின் வரலாற்றில் இந்தக் காட்சிக்கு முக்கிய இடமுண்டு.

1926-இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், லண்டன் கிராஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுன் பரிசை அறிவித்தார். இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் காலத்து ஓவியங்களில் காணும் நீண்ட மூக்கு நாய்க்கே அந்தப் பரிசு. 1928-இல் இதற்கென ஒரு சங்கம் உருவானது. 1945-இல் தனி இனமாக அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால், ஒரு சில நாய்களிலிருந்தே இந்த இனம் பெருகியது. பரம்பரைக் குறைகளும் உடன் பெருகின.

மூளைக்குப் போதிய இடம் தராத மண்டையோடு, தண்டுவட நீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. அதனால் தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உருவாகின்றன. இதுவே சிரிங்கோமைலியா. வெளியே எந்த அறிகுறியும் இல்லாத நாய்க்கும் இந்நோய் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால்தான் தெரியும்.

2008 ஆகஸ்டில் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் இந்த வேதனையை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. மறு ஆண்டுக்கான கிராஃப்ட்ஸ் ஒளிபரப்பை பிபிசி கைவிட்டது. 2012-இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கமும் கென்னல் கிளப்பும் இணைந்து பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கின. நாயை அசையாமல் படுக்கவைத்துப் படமெடுத்து, நிபுணர்கள் தரம் பிரிப்பார்கள். தரத்தோடு நாயின் வயதும் குறிக்கப்படும்.

வயது எதற்கு? அறிகுறியற்ற 555 கேவலியர் நாய்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தந்தது. ஒரு வயதில் 25 விழுக்காடாக இருந்த நோய், ஆறு வயதைத் தாண்டியவற்றில் 70 விழுக்காடாக இருந்தது. ஆக, இளவயதில் எடுத்த நல்ல படம் ஆயுளுக்கும் உத்தரவாதம் ஆகாது. அதை நம்பி இனவிருத்தி செய்தால், நோய் தலைகாட்டுமுன் குட்டிகள் பிறந்துவிடும்.

இனத் தூய்மையைக் காப்பதா, நாயைக் காப்பதா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. இந்த இனத்தை இப்படியே பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு எதிரானது என 2023 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு இனத்தோடு கலந்து பெருக்கும் வழி மட்டும் திறந்தே இருந்தது.

ஓவியத்தில் கண்ட முகத்தை மீட்க மனிதன் கொடுத்த விலை 25 பவுன். நாய்கள் கொடுத்த விலை அதனினும் பெரிது.