கரி பஸ் போன பாதை

எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்பது, எந்தச் செருப்பு நல்ல செருப்பு என்று கேட்பதைப் போன்றதுதான். காலையும் பாதையையும் பார்க்காமல் செருப்புக்கு யாரும் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் இன்று கார் வாங்க நினைக்கிற நடுத்தரக் குடும்பங்களில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. நெடுஞ்சாலையில் போய்வர வெறும் பெட்ரோல் எஞ்சின் போதுமா, அல்லது பெட்ரோலும் மின்சாரமும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற ஹைபிரிட் வண்டியை வாங்குவதா? தகப்பனார் ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி. விலையைக் கேட்டதும் தாயார் மூன்றாவது கட்சி.

கேள்வி புதியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருநெல்வேலிச் சீமைக்கு இது புதியதல்ல. எண்பது வருஷங்களுக்கு முன்பே தாமிரபரணிக் கரையில் இரண்டு எரிபொருள்களில் ஓடும் வண்டிகள் வந்துவிட்டன. அமெரிக்காக்காரர்கள் பெட்ரோலைச் சுருக்கமாக ‘காஸ்’ என்பார்கள். நம் ஊரில் அன்று ஓடியதோ நிஜமான காஸ். அடுப்புக் கரியிலிருந்து எடுத்த காஸ். அந்த வண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர் கரி பஸ்.

அந்தக் கதைக்கு முன்னால் பாதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை போகிற பாதையை ராணி மங்கம்மாள் சாலை என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வதுண்டு. மங்கம்மாள் மதுரையை ஆண்ட காலம் 1689-இல் தொடங்குகிறது. வண்டிமாட்டுக்கு நிழலும் மனிதனுக்குச் சத்திரமும் வேண்டும் என்று நினைத்த காலம் அது. கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட கயத்தாறு இந்தப் பாதையில்தான் இருக்கிறது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு குறுக்கிட்டது. வெள்ளம் வந்தால் இக்கரைக்காரர் இக்கரையில், அக்கரைக்காரர் அக்கரையில். சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து எழுப்பிய பாலம் 1843-இல் திறந்தபிறகுதான் அந்தத் துன்பம் தீர்ந்தது. 1876-இல் ரயில் வந்தது. ஆனால் தண்டவாளம் போட்ட ஊர்களுக்குத்தான் ரயில் போகும். நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் அது வரவில்லை. அந்த ஊர்களுக்கு விடிவு மோட்டார் பஸ்ஸினால் வந்தது.

மோட்டார் பஸ் என்றதும் தென்பாண்டி நாட்டில் நினைவுக்கு வருகிற பெயர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். மகேந்திரகிரி மலையின் அடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், பாங்கு வேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1912-இல் மதுரையில் பஸ் சர்வீஸ் ஆரம்பித்தார். நிச்சயமான மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் புழுதிச் சாலையில் பணம் போட்டவரை அன்றைய ஊர்க்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். பஸ் நிலைத்துவிட்டது. முப்பது வருஷங்களுக்குள் ஜனங்கள் பஸ் இல்லாமல் வாழமுடியாது என்ற நிலைக்கு வந்தார்கள்.

அப்போதுதான் யுத்தம் வந்தது. 1941-இல் அரசாங்கம் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தது. அடுத்த வருஷம் மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில், பர்மாவின் ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகள் ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாது என்று பிரிட்டிஷாரே அவற்றை அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மாவில் சம்பாதித்த தமிழர்கள் நடந்தே ஊர் திரும்பிய அதே மாதங்களில், நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா எண்ணெயும் நின்றுபோயிற்று. அஸ்ஸாமில் திக்பாயில் ஊறிய எண்ணெய் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கிடைத்த பெட்ரோலில் முதல் பங்கு பட்டாளத்துக்கு. மிஞ்சியதுதான் நமக்கு.

ஆகவே அன்று பஸ் முதலாளிகளுக்கு முன்னால் நின்ற கேள்வி, எது சிக்கனம் என்பதல்ல. வண்டி ஓடுவதா, கொட்டகையில் நிற்பதா என்பதுதான். பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு வரவேண்டிய மாணவன், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பிரசவக்காரி, சந்தைக்கு வரவேண்டிய வாழைத்தார் எல்லாம் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தன.

பதில் கரியில் இருந்தது. பிரான்ஸ் தேசத்தில் ஜார்ஜ் இம்பெர் என்பவர் 1920-களிலேயே விறகிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டும் உலையைச் செய்திருந்தார். யுத்தம் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடின என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் பலர் இதில் இறங்கினார்கள். மதுரையில் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் ‘டி.வி.எஸ். காஸ் பிளான்ட்’ என்ற கரிவாயு உலையைத் தயாரித்து, பெட்ரோல் இல்லாமல் நின்ற பஸ்களை மறுபடி பாதைக்குக் கொண்டுவந்தது.

அதன் சூட்சுமம் எளியது. பஸ்ஸின் பின்புறத்தில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டுவார்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை அளந்து விட்டால் அது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவைக் கொடுக்கும். இந்த வாயு எரியக்கூடியது. இதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவியின் வேலையை இது பார்க்கும். பார்க்கும் என்றாலும், பாதி மனதோடுதான் பார்க்கும். உலை வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும்.

இனித்தான் விசேஷம். பீப்பாயைச் சூடேற்றி நல்ல வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டியைக் கிளப்பவும், செங்குத்தான ஏற்றத்தில் தள்ளிவிடவும் பலர் கொஞ்சம் பெட்ரோலைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பெட்ரோலில் கிளம்பிக் கரியில் ஓடுவது. இதுவும் ஒரு ஹைபிரிட்தானே?

ஆனால் பாட்டன் ஹைபிரிட்டுக்கும் பேரன் ஹைபிரிட்டுக்கும் குணம் நேர் எதிர். கரி உலைக்குக் காற்றை உறிஞ்சிக் கொடுப்பது எஞ்சின்தான். வண்டி சீராக ஓடினால் தீ நன்றாகக் கனன்று நல்ல வாயு வரும். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று, மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, ரயில்வே கேட்டில் கால்மணி காத்திருந்தால் தீ மங்கும், வாயு கெடும். ஆகவே சமதரையான நீண்ட சாலைதான் கரி பஸ்ஸுக்கு உகந்தது. தூத்துக்குடிச் சாலை அதற்குச் சொர்க்கம். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறச் சொன்னால் முனகும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு வண்டியையும் தள்ளிய பெருமை அந்தத் தலைமுறைக்கே உரியது.

இன்றைய ஹைபிரிட்டுக்கு நெரிசல்தான் சொர்க்கம். பிரேக் போடும்போது சாதாரண வண்டியின் வேகமெல்லாம் உஷ்ணமாகி வீணாகிறது. ஹைபிரிட் அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேமித்து, மறுபடி கிளம்பும்போது செலவழிக்கிறது. சில்லறைக் காசைத் தூக்கி எறியாமல் முந்தானையில் முடிந்துவைக்கும் கிழவியின் புத்தி அது. டொயோட்டா கம்பெனியின் பிரியஸ் 1997-இல் ஜப்பானில் வந்தது. 2010-ஆம் வருஷத்துப் பிரியஸுக்கு அமெரிக்க அரசாங்கம் கொடுத்த கணக்கு, காலனுக்கு ஊருக்குள் 51 மைல், நெடுஞ்சாலையில் 48 மைல். சாதாரணப் பெட்ரோல் கார்களுக்கு இது தலைகீழாக இருக்கும். நெடுஞ்சாலையில்தான் அவை அதிக தூரம் கொடுக்கும். 2022-இல் நம் நாட்டில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி ஆகிய வண்டிகளும் ஹைபிரிட்டாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. செருகி மின்னேற்றும் வகையைத் தவிர, மற்றவற்றில் உள்ள மின்சாரம் பாபநாசத்து நீர்வீழ்ச்சியிலிருந்து வருவதல்ல. அதே பெட்ரோலிலிருந்து பிறந்ததுதான்.

அப்படியானால் நான்கு வழிச் சாலையில் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் அடிக்கடி போய்வருகிறவர் என்ன செய்வது? பிரேக்கை மிதிக்க அவசியமில்லாத சாலையில் சேமிக்கச் சில்லறையே விழுவதில்லை. ஹைபிரிட்டின் எஞ்சின் சிக்கனமாக அமைந்திருப்பதால் கொஞ்சம் லாபம் இருக்கும். ஆனால் வாங்கும்போது கொடுத்த அதிக விலையை அந்த லாபம் திருப்பித் தர வெகுகாலம் ஆகும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆரல்வாய்மொழிக் காற்று எதிரே வீசும்போது எந்த எஞ்சினும் கூடத்தான் குடிக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆகக் குறைத்தால் கிடைக்கிற சிக்கனத்துக்கு எந்தக் கம்பெனியும் விலை கேட்பதில்லை. பெரும்பகுதி ஊருக்குள் ஓட்டுகிறவர் ஹைபிரிட் வாங்கலாம். பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் நல்ல பெட்ரோல் எஞ்சினோடு திருப்தியடையலாம். கால்குலேட்டர் வைத்திருப்பவர் தம் பிரயாணத்தைத் தாமே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இதோடு முடித்துக்கொண்டால் நான் மோட்டார் தரகனாகிவிடுவேன். கரி பஸ் நமக்குச் சொல்ல வந்தது வேறு ஒன்று.

ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யச் சுமார் ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிற பழைய பஸ் திருநெல்வேலியிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரைக்குப் போக 40 லிட்டர் பெட்ரோல், அதாவது 60 கிலோ கரி. மண் மூட்டத்தில் சுட்டால் ஐந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆகவே ஒருவழிப் பிரயாணத்துக்கு 300 கிலோ விறகு. பர்மாவிலிருந்து வந்த எண்ணெய் நின்றதும், நம் காட்டு மரங்கள் பெட்ரோல் கிணறுகளாயின.

மரம் கொடுத்ததைக் கணக்குப் போட்டுவிட்டோம். கிளீனர் பையன் கொடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? டிரைவர் ஏறி உட்காருவதற்கு எவ்வளவோ முன்னால் அவன் எழுந்திருக்க வேண்டும். நேற்றையச் சாம்பலை வாரி, வடிகட்டியைத் தட்டி, கரியைப் போட்டு, கையால் விசிறிச் சக்கரத்தைச் சுற்றித் தீயைக் கிளப்ப வேண்டும். அவன் முகத்துக்கு நேரே வருவது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஒட்டிக்கொள்வதைப் போல 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், அளவு மீறினால் மரணம். பிரயாணிகளுக்கு ஆறரை மணி பஸ் ஆறரை மணிக்குக் கிளம்பியது என்பதுதான் தெரியும். கரிமுகத்தோடு ஏணியில் தொங்கிக்கொண்டு வந்த பையன், சிரிப்பு மூட்டும் உருவமாகத்தான் தெரிந்தான்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாக வரத் தொடங்கியதும் கரி பஸ் போயிற்று. பிறகு டீசல் வந்து பஸ்களை எடுத்துக்கொண்டது. அந்த உலைகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டவர்கள் ஒரு நிமிஷமும் வருந்தியிருக்கமாட்டார்கள். அதைக் குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் அந்த நாலைந்து வருஷங்கள் இந்தச் சீமையின் கல்வியையும் வைத்தியத்தையும் வியாபாரத்தையும் நிற்காமல் வைத்தது அந்த அழகில்லாத பீப்பாய்தான்.

சுந்தரம் ஐயங்கார் பிறந்த திருக்குறுங்குடிக்குப் பக்கத்து மகேந்திரகிரியில் இன்று ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறார்கள். திரவ ஹைட்ரஜன் வரைக்கும் வந்துவிட்டோம். எரிபொருள் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு மாற்றத்திலும், வண்டியில் உட்கார்ந்திருப்பவன் கொடுக்கிற விலை ரசீதில் எழுதியிருக்கும். வெளியே நிற்பவன் கொடுக்கிற விலை எழுதியிருக்காது. அன்று அது கரி மூட்டத்திலும் கிளீனரின் மார்பிலும் இருந்தது. இன்று பாட்டரிக்கு வேண்டிய உலோகம் தோண்டும் தூரதேசத்துச் சுரங்கத்திலும், நான்கு வழிச் சாலையோரத்துப் புகையிலும் இருக்கிறது. கார் வாங்கப் போகிறவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவசியம் கேட்கட்டும். கூடவே, இந்தத் தீயை யார் விசிறுகிறார்கள் என்ற கேள்வியையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.