எபிகியூர்: ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவரின் பெயர்

நல்ல உணவையும் பானத்தையும் நுணுக்கமாகச் சுவைத்து மகிழ்பவரை ஆங்கிலத்தில் 'எபிகியூர்' என்பார்கள். உணவு இதழ்களிலும் உணவக விளம்பரங்களிலும் தென்படும் சொல் இது. தமிழில் 'உணவுச் சுவைஞர்' என்பது ஏறக்குறையப் பொருந்தும். கிடைத்ததையெல்லாம் ஒரு பிடி பிடிப்பவர் எபிகியூர் அல்லர். அவருக்குச் 'சாப்பாட்டு ராமன்' என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸ் (கி.மு. 341-270) பெயரிலிருந்து பிறந்த சொல் இது. சாமோஸ் தீவில் பிறந்த அவர், ஏதென்ஸ் நகரில் 'தோட்டம்' எனப்பட்ட கல்விக்கூடத்தை நடத்தினார். பெண்களுக்கும் அடிமைகளுக்கும்கூட அங்கே இடம் இருந்தது.

இன்பமே வாழ்வின் நோக்கம் என்றார் எபிகியூரஸ். வம்பு அங்கேதான் தொடங்கியது. உடலில் வலியும் மனத்தில் கலக்கமும் இல்லாத நிலையைத்தான் அவர் இன்பம் என்றார். பசித்தவருக்கு ரொட்டியும் தண்ணீருமே மிக உயர்ந்த இன்பம் தரும். மதுவும் மீனும் நிறைந்த ஆடம்பர விருந்தால் இனிய வாழ்வு வந்துவிடாது என்று மெனோசியஸ் என்பவருக்கு எழுதிய மடலில் விளக்கினார். வேண்டும்போது விருந்துண்ண ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். அவருடைய விருந்து அவ்வளவுதான்!

எதிரிகள் விடவில்லை. பிரிந்துபோன மாணவர் திமோகிராட்டீஸ், குரு மிதமிஞ்சி உண்டு நாளுக்கு இருமுறை வாந்தி எடுப்பதாக எழுதினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் தத்துவஞானிகளின் வரலாற்றை எழுதிய டயோஜினிஸ் லயேர்ட்டியஸ், இத்தகைய ஏச்சுகளைப் பட்டியலிட்டுவிட்டு, சொன்னவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மறுத்தார். எபிகியூரசின் மடலைக் காப்பாற்றித் தந்ததும் அவர் நூல்தான்.

உடலோடு உயிரும் அழியும் என்று கற்பித்ததால் சமயவாதிகளின் பகையும் சேர்ந்துகொண்டது. எபிரேய மொழியில் அவர் பெயரோடு தொடர்புடைய 'அபிக்கோரோஸ்' என்ற சொல் சமய மறுப்பாளரைக் குறிக்கிறது.

ஆங்கிலத்திலும் பழிதான் முதலில் நிலைத்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், 'கேன்டர்பரி கதைகள்' நூலில் உணவும் மதுவும் குறையாத வீட்டுக்குச் சொந்தக்காரரான நிலக்கிழார் ஒருவரை எபிகியூரசின் வாரிசாக வருணித்தார். 16ஆம் நூற்றாண்டில் 'எபிகியூர்' என்றால் புலனின்பத்தில் மூழ்கியவர். நாவின் நுட்பத்தைப் பாராட்டும் பொருள் பிறகுதான் ஓங்கியது.

இதன் பக்கத்து வீட்டுச் சொல்லான 'கூர்மே'யின் கதை எளிது. பழைய பிரெஞ்சில் மது வணிகரின் பணியாளைக் குறித்தது, மதுவைச் சுவைத்துத் தரம் அறிபவர் என்றாகி, பின்னர் உணவுக்கும் பரவியது. அதில் யாருடைய பெயரும் கெடவில்லை.