ஜனவரி 26-இன் பின்னணி: முழு விடுதலை உறுதிமொழியும் திருச்சானூர் அனந்தசயனம் ஐயங்காரும்

திருப்பதி: இந்திய அரசமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26-ஆம் தேதியே ஏற்கப்பட்டது. எனினும், அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26-இல்தான். இந்த இரண்டு மாத இடைவெளிக்குக் காரணம், 1930-ஆம் ஆண்டின் முழு விடுதலை உறுதிமொழி ஆகும்.

1929 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு தலைமையில் லாகூரில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாடு, டொமினியன் அந்தஸ்துக் கோரிக்கையைக் கைவிட்டு, 'பூரண சுயராஜ்யம்' என்பதை இலக்காக அறிவித்தது. அதையொட்டிய உறுதிமொழி, 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் பொதுக்கூட்டங்களில் வாசிக்கப்பட்டது. உரிமைகளைப் பறித்து ஒடுக்கும் அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்ற அதன் கருத்து, 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை ஒத்திருந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் அந்நாளே சுதந்திர நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆனால், 1947-இல் விடுதலை ஆகஸ்ட் 15-ஆம் தேதி கிடைத்தது. எனவே, பழைய நாளின் நினைவைப் போற்றும் வகையில், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளாக ஜனவரி 26 தேர்ந்தெடுக்கப்பட்டது.

விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் பலர் அச்சட்டத்தை உருவாக்கிய சபையிலும் இடம்பெற்றனர். அவர்களுள் ஒருவர், திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891-இல் பிறந்து, சித்தூரில் வழக்கறிஞராகப் பணியாற்றிய ம. அனந்தசயனம் ஐயங்கார். அரசமைப்பு நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக இருந்த அவர், 1952-இல் திருப்பதியிலிருந்தும் 1957-இல் சித்தூரிலிருந்தும் மக்களவைக்குத் தேர்வானார். 1956 முதல் 1962 வரை மக்களவைத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.