ஜப்பானிய ஸோகன் உலோகப் பதிப்புக் கலை

ஸோகன் என்பது இரும்பு, செம்பு, வெண்கலம் முதலியவற்றின் பரப்பில் பொன்னும் வெள்ளியும் பதித்து உருவங்களையும் எழுத்துகளையும் அமைக்கும் ஜப்பானியக் கைவினையாகும். இதன் தொன்மைக்குச் சைத்தாமா மாநிலத்து இனாரியாமா மேட்டுக் கல்லறையில் 1968-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இரும்பு வாள் சான்றாக உள்ளது. துருவேறியிருந்த அதன் அலகில் பொன்னால் பதித்த 115 எழுத்துகள் இருப்பது 1978-இல் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோதுதான் தெரியவந்தது. அவ்வெழுத்துகள் குறிக்கும் ஆண்டை அறிஞர் பலர் கி.பி. 471 எனக் கொள்கின்றனர்.

பிற்காலத்தில் இக்கலை முதிர்ச்சியடைந்தது வாளின் துணையுறுப்புகளில், சிறப்பாக அலகுக்கும் பிடிக்கும் இடையே கையைக் காக்கும் ‘சுபா’ என்னும் தகட்டில் ஆகும். உள்ளங்கைக்குள் அடங்கும் அத்தகட்டில் பொன் ஒளிர்வதைவிட, அதைத் தாங்கும் கருநிறத் தளத்தை உருவாக்கியதே ஜப்பானியக் கம்மியரின் தனிப்பெரும் சாதனை எனலாம். செம்புடன் 3 முதல் 5 விழுக்காடு வரை பொன் சேர்த்து உருக்கிய ‘ஷகுதோ’ என்னும் கலப்புலோகம் முதலில் செம்பைப் போலவே தோன்றும். முள்ளங்கிச் சாற்றால் அதன் பரப்பைத் துடைத்து, செம்பு உப்புகள் கரைத்த நீரில் கொதிக்கவைக்கும்போதுதான் நீலமும் ஊதாவும் இழையோடும் ஆழ்ந்த கருமை அதில் படர்கிறது. அதே நீரில் தூய பொன் நிறம் மாறாதிருப்பதால், வண்ணம் எதுவும் பூசாமலே கருமைக்கும் பொன்மைக்கும் இடையிலான வேறுபாடு கிடைக்கிறது. செம்புடன் நாலில் ஒரு பங்குவரை வெள்ளி சேர்த்த ‘ஷிபுயிச்சி’ சாம்பல் நிறம் பெறும்.

பதிப்பு முறைகளுள் ‘ஹிரா’ என்பது செதுக்கிய பள்ளத்தில் உலோகத்தைத் தளத்தோடு சமமாகப் பொருத்துவது. ‘தாகா’ என்பது அதைப் புடைப்பாக நிறுத்துவது. ‘நுனொமெ’ முறையில் இரும்பின்மேல் நுண்ணுளியால் துணியின் இழைபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அக்கீறல்கள் பற்றிக்கொள்ளுமாறு மெல்லிய பொற்றகட்டை அடித்துப் பதிப்பர். குமமோத்தோ வட்டாரத்தின் ஹிகோ ஸோகனில் அவ்விரும்பைத் துருவேறச் செய்து, தேயிலை நீரில் கொதிக்கவைத்துத் துருவைக் கருமையாக்கி நிலைநிறுத்துகின்றனர்.

1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடைசெய்தபோது, தலைமுறைகளாக வாளணியை நம்பியிருந்த கம்மியர் வாழ்வாதாரத்தை இழந்தனர். அவர்களுள் பலர் பூச்சாடி, பேழை, தூபக்கலம் எனப் புதிய பொருள்களுக்கு மாறி, மேலைநாட்டுச் சந்தைக்காக உழைத்தனர். கியோத்தோவின் கொமாய் குடும்பப் பட்டறை நுனொமெ வேலைப்பாட்டால் புகழ்பெற்றது. வாளணிச் செதுக்கராயிருந்த கானோ நாட்சுவோ (1828–1898) புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவமைப்பு வரைந்ததோடு, தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கினார். அக்காலத்துச் சிறந்த படைப்புகளுள் பல ஏற்றுமதியாகிவிட்டமையால் ஜப்பானியரே அவற்றை நெடுங்காலம் காணும் வாய்ப்பின்றி இருந்தனர். அவற்றை அயல்நாடுகளிலிருந்து மீண்டும் வாங்கித் திரட்டிய தொகுப்பு இன்று கியோத்தோவின் கியோமிசு சன்னென்சாக்கா அருங்காட்சியகத்தில் உள்ளது.