ஓட்டிச வரலாற்றில் ஒரு சிற்றூர்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில் போறெஸ்ற் என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1933 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8 ஆம் நாள் பிறந்து, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து, 2023 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள் காலமானவர் டொனல்ட் ட்ரிப்லெற். வங்கியொன்றிற் காசாளராகக் கடமையாற்றியதன்றி உலகறிய அவர் செய்த காரியம் எதுவுமில்லை. எனினும் உளமருத்துவ வரலாற்றில் அவருக்கு நிலையானதோர் இடமுண்டு. லியோ கனர் என்னும் மருத்துவர் 1943 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே பதினொரு பிள்ளைகளின் இயல்புகளை விரித்துரைத்து, ஓட்டிசம் என இன்று வழங்கும் நிலையைத் தனியொரு வகையாக அடையாளங் காட்டினார். அப்பதினொருவருள் முதலாமவர் டொனல்ட்.

ஓட்டிசத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதற்குப் பெயரிட்டவர் யார், முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்ற வழக்கிலேயே நின்றுவிடுகின்றனர். பெயரிடப்பட்ட பிள்ளைகள் பின்னர் எங்கே வாழ்ந்தனர், அயலார் அவர்களோடு எவ்வாறு பழகினர் என்ற வினா அத்துணை ஆராயப்பட்டதன்று. டொனல்டின் வரலாறு அவ்வினாவுக்கே விடை தருவது.

குழந்தைப் பருவத்திலேயே டொனல்ட் ஏனைய பிள்ளைகளினின்றும் வேறுபட்டுக் காணப்பட்டான். ஒரு வயதளவிற் பல பாடல்களின் இசையைப் பிழையின்றி முணுமுணுத்தான். இரண்டு வயது நிரம்புமுன் ஊரிலுள்ள வீடுகள் பலவற்றின் பெயர்களையும் மனிதரின் முகங்களையும் நினைவிற் பதித்திருந்தான். விவிலியத்தின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தையும் சமய வினாவிடைகள் இருபத்தைந்தையும் ஒப்புவித்தான். ஆனால் தாய் அழைத்தால் திரும்பிப் பாரான். தந்தை வீடு வந்தாலும் போனாலும் பொருட்படுத்தான். வட்டமான பொருள் எதனையும் தரையிற் சுழலவிட்டு அதிலேயே மகிழ்ந்திருப்பான். தன்னை 'நீ' என்றும் எதிரில் நிற்பவரை 'நான்' என்றும் குறிப்பிடுவான். நாளாந்த ஒழுங்கு சிறிது பிறழினும் பெருங் கோபங் கொள்வான்.

பெற்றார் மருத்துவ ஆலோசனையை நாடினர். நான்கு வயது நிறையுமுன், 1937 ஆம் ஆண்டு ஒகஸ்ற் மாதத்தில், காசநோய் அணுகாது பிள்ளைகளைக் காக்கும் விடுதியொன்றில் டொனல்ட் விடப்பட்டான். அவனுக்குக் காசநோயுமில்லை, அந்த அச்சமுமில்லை. சூழல் மாற்றம் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஓராண்டின் பின் பெற்றார் அவனை மீட்கச் சென்றபோது, பிள்ளை நன்றாகவே இருக்கின்றான், விட்டுச் செல்லுங்கள் என்றார் விடுதிப் பொறுப்பாளர். அவர்கள் விட்டுச் செல்லவில்லை. இத்தகைய பிள்ளைகளை வீட்டினின்றும் அகற்றிவிடுவதே பெற்றாருக்கும் பிள்ளைக்கும் நன்று என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. டொனல்டின் வாழ்வு திரும்பிய இடம் இதுவே எனலாம். கனரைச் சந்திக்கு முன்னரே அது நிகழ்ந்துவிட்டது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

சட்டத்தரணியாகிய தந்தை மகனின் இயல்புகள் அனைத்தையும் தட்டச்சில் முப்பத்துமூன்று பக்கங்களாக எழுதிப் போல்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கு சிறுவர் உளமருத்துவப் பிரிவை 1930 இல் நிறுவியவர் கனர். ஒக்ரோபர் 1938 இல் அவர் டொனல்டை நேரிற் கண்டார். கனரின் புகழ்பெற்ற கட்டுரை பெருமளவுக்கு இத்தந்தையின் கடிதத்தின் மீதே எழுந்தது. பெற்றார் தம் பிள்ளையை உற்றுநோக்கியதன் பயன் அது என்பதை வரலாற்றாசிரியர் பலர் போதிய அளவு வற்புறுத்தினாரல்லர்.

ஓட்டிசம் என்ற சொல்லைக் கனர் புதிதாக ஆக்கவில்லை. 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த அதனைச் சுவிற்சர்லாந்து உளமருத்துவர் புளொய்லர் 1911 இல் வெளியிட்ட நூலில், மனப்பிளவு நோயாளர் புறவுலகை விட்டுத் தம்முள் ஒடுங்குவதைக் குறிக்கக் கையாண்டார். பிறவியிலேயே வேறாக அமைந்த பிள்ளைகளுக்கு அச்சொல் இரவலாகவே வந்தது. தமிழிலும் மதியிறுக்கம் என்றொரு பெயர் வழங்குகின்றது. மதி இறுகியது என்ற தீர்ப்பைப் பெயரிலேயே ஏற்றிவைக்கும் அச்சொல்லிலும் பார்க்க, பொருள் வெளிப்படாத இரவற்சொல்லே தீங்கு குறைந்தது என்று தோன்றுகின்றது.

கனருக்கு முன்னரும் இவ்வியல்பைக் கண்டோர் இருந்தனர். மொஸ்கோவிற் பணியாற்றிய குரூனியா சுக்கரேவா என்னும் பெண் மருத்துவர் ஆறு சிறுவரைப் பற்றி 1925 இலும் 1926 இலும் எழுதியவை, 1996 வரை ஆங்கிலத்துக்கு வரவில்லை. வியன்னாவில் அஸ்பேர்கர் 1944 இல் வெளியிட்ட ஆய்வு நெடுங்காலத்தின் பின்னரே பரவலாக அறியப்பட்டது. அவ்வியன்னா மருத்துவமனையில் முன்னர் பணியாற்றிய ஜோர்ஜ் பிராங்கிள், யூதராதலின் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சென்று, கனரோடு சேர்ந்து டொனல்டை அவதானித்தவர்களுள் ஒருவரானார். வியன்னாவிலோ, ஸ்பீகல்குறுண்ட் என்னும் விடுதியில் நாற்சி ஆட்சிக் காலத்தில் 789 பிள்ளைகள் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் கொல்லப்பட்டவர்கள். அங்கு பிள்ளைகளை அனுப்பியவர்களுள் அஸ்பேர்கரும் ஒருவர் என்பதை 2018 இல் வெளிவந்த ஆவண ஆய்வொன்று நிறுவியது. ஒரு பிள்ளையின் இயல்பை நுணுகி அறிவதும் அப்பிள்ளைக்கு வாழ இடமளிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

டொனல்டுக்கு இடம் கிடைத்தது 1942 இல். ஊரிலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், பிறர் நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்த கமக்காரர் ஒருவரிடமும் அவர் மனைவியிடமும் பெற்றார் அவனை ஒப்படைத்தனர். மேமாதம் 1945 இல் அங்கு சென்ற கனர், அத்தம்பதியரின் அறிவுத்திறங் கண்டு வியந்தார். அளப்பதிலே பையனுக்கு அடங்காத வேட்கை. அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் செய்து, தோண்டத் தோண்ட ஆழத்தை அளந்து சொல்லும்படி பணித்தனர். சோளப் பயிர் வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தான். உழுதுகொண்டே எண்ணும்படி விட்டனர். கனர் பார்த்திருக்கவே ஆறு நெடுஞ்சால்களை உழுது, குதிரையையும் கலப்பையையும் இலாவகமாகத் திருப்பினான். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்க்கும் வழக்கமும் அவனிடம் இருந்தது. அதனையும் அவர்கள் தடுத்தாரல்லர். நிலத்தில் ஒரு மூலையை இடுகாடாக ஒதுக்கிக் கொடுத்தனர். அங்கு புதைத்த ஒவ்வோர் உயிருக்கும் டொனல்ட் ஓர் அடையாளம் நாட்டினான். அதில் மனிதருக்கு இடுவதைப் போன்ற ஒரு முதற்பெயர், நடுவே நத்தை என்பது போல இனத்தின் பெயர், ஈற்றிலே கமக்காரரின் குடும்பப்பெயர். பிறந்த நாள் தெரியாது. இறந்த நாளாக அவன் அதனைக் கண்டெடுத்த நாள்.

இவற்றைச் செய்த தம்பதியர் உளமருத்துவ நூல் எதனையும் கற்றவர்களல்லர். பையனின் எண்ணும் வழக்கத்தை அவர்கள் ஒழிக்க முற்படவில்லை, அதற்கு ஒரு வயலைக் கொடுத்தார்கள். அவ்வழக்கம் எதனால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அக்காலத்திற் கனருக்கும் தெரியாது. அயலிலிருந்த நாட்டுப்புறப் பாடசாலையிலும் அவனுடைய விசித்திரங்கள் பொறுத்துக்கொள்ளப்பட்டன. படிப்பில் நன்கு முன்னேறினான்.

இதே காலப்பகுதியில் மருத்துவ உலகிலோ வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. இப்பிள்ளைகளின் பெற்றார் அன்பு குன்றியவர்கள் எனக் கனரே எழுதி, பிள்ளைகள் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டவர் போல வளர்ந்தனர் என 1949 இல் உவமித்தார். புரூனோ பெற்றல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூல் அப்பழியைத் தாய்மார் மீது முழுதாகச் சுமத்தியது. ஓட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேணாட் றிம்லண்ட் 1964 இலேயே அக்கருத்தை மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என வாதிட்டிருந்தார். கனரும் 1969 இற் பெற்றார் சங்கக் கூட்டமொன்றிலே பெற்றாரைக் குற்றத்தினின்றும் விடுவிப்பதாக அறிவித்தார். இருபது ஆண்டுகள் தாய்மார் பட்ட துயரத்துக்கு அவ்வறிவிப்பு ஈடாகுமா என்பது வேறு. முப்பத்துமூன்று பக்கக் கடிதத்தை எழுதிய தந்தையும், விடுதியினின்றும் பிள்ளையை மீட்ட தாயும் அன்பற்றோர் என எண்ணப்பட்டது விந்தையே.

போறெஸ்ற் உயர்பாடசாலையில் டொனல்டைப் பற்றி ஒரு கதை வழங்கிற்று. பாடசாலைக் கட்டடத்தை ஒருமுறை நோக்கிய அளவில் அதிலுள்ள செங்கற்களின் தொகையை அவன் சொல்லிவிட்டானாம். இக்கதை ஊர் முழுதும் பரவி, ஆண்டுதோறும் வளர்ந்தது. முதுமையில் அவரிடம் இதுபற்றி வினவியபோது, அத்தொகை தாம் வாய்க்கு வந்தபடி சொன்னதே என்றும், அப்பையன்கள் தம்மை நல்லபடி எண்ணவேண்டும் என்று விரும்பியதாகவும் கூறினார். பிறர் தன்னை மதிக்கவேண்டும் என்ற ஆவல் இத்தகையோரிடம் இல்லை என்பது பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது.

அப்பாடசாலையிலிருந்து 1953 இல் வெளியேறிய டொனல்ட், மில்சப்ஸ் கல்லூரியில் 1958 இற் பிரெஞ்சு மொழியைப் பாடமாகக் கொண்டு கலைமாணிப் பட்டம் பெற்றார். பின் ஊர் வங்கியிற் சேர்ந்தார். இருபத்தேழாம் வயதில் வாகனம் ஓட்டப் பழகினார். ஊரவர்க்கு எண்களை வழங்கி அவ்வெண்ணாலேயே அவர்களை நினைவிற் கொண்டார். தனியே உலகின் பல நாடுகளுக்கும் பயணஞ் செய்தார். உரையாடல் என்றும் அவருக்கு எளிதாக வரவில்லை. கேட்டதற்குச் சுருங்க விடையிறுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஊர் அதனை மரியாதைக் குறைவாகக் கொள்ளாது, டொனல்ட் அப்படித்தான் என்று பழகிக்கொண்டது. தாயார் 1970 இற் கனருக்கு எழுதிய மடலில், மகன் சங்கமொன்றின் தலைவராகவும் இருந்தமையை மகிழ்வோடு குறிப்பிட்டு, அவனுடைய உள்ளத்தில் உண்மையில் என்ன இருக்கின்றது என்று அறிய முடிந்தால் நன்று என்று ஏக்கத்தோடும் எழுதினார்.

பதினொருவரின் பிற்கால நிலையைக் கனர் 1971 இல் வெளியிட்டபோது, வேறுபாடு வெளிப்படையாயிற்று. வாழ்நாளின் பெரும்பகுதியை நிறுவனங்களிற் கழித்த நால்வர், அங்கு புகுந்த சில காலத்துள்ளேயே தமக்கிருந்த ஒளியையும் இழந்திருந்தனர். சிறுவயதில் அவர்களும் நினைவாற்றலும் தனித்திறனும் காட்டியவர்களே. அரசினர் மருத்துவமனையிற் சேர்ப்பது ஆயுட்டண்டனைக்கு ஒப்பானது என்ற முடிவுக்குக் கனர் வந்தார்.

ஆயினும் போறெஸ்ற் நகரை ஓர் இலட்சிய ஊராகப் போற்றிவிடுதல் வரலாறாகாது. டொனல்ட் காசாளராக அமர்ந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் உடைமை. தந்தை யேல் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர். போல்ரிமோர் வரை பயணஞ் செய்யவும், கமத்தில் மகனைத் தங்கவைக்கவும் அவர்களிடம் வசதி இருந்தது. அன்றியும், மிசிசிப்பியில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவர்க்கும் பாடசாலைகள் வெவ்வேறாக இருந்த காலம் அது. டொனல்டைப் போன்ற இயல்போடு அதே ஊரிற் பிறந்த கறுப்பினப் பிள்ளையின் பெயர் எந்த மருத்துவ ஏட்டிலும் ஏற வழியில்லை. ஊர் ஏற்றுக்கொண்டது என்று எழுதும்போது, ஊரின் எந்தப் பகுதி, யாருடைய மகனை என்ற வினா உடன் எழவேண்டும். எனினும் செல்வம் ஒன்றே காரணமாயின், கனர் கண்ட பிள்ளைகளுட் பெரும்பாலோர் வசதியும் கல்வியும் மிக்க குடும்பத்தினரே; அவர்களுள் நால்வர் நிறுவனங்களுக்கே சென்றனர். செல்வம் வழிதிறந்தது, கிணறு தோண்டச் சொன்ன அறிவு செல்வரிடமிருந்து வந்ததன்று.

அறிவியல் பின்னர் விரிந்தது. இலண்டனின் கம்பவெல் பகுதியில் லோணா விங், யூடித் கூல்ட் ஆகியோர் செய்து 1979 இல் வெளியிட்ட ஆய்வு, கனரின் வரையறைக்குள் அடங்காத பிள்ளைகள் பலரிடமும் இவ்வியல்புகள் ஏறியுங் குறைந்தும் காணப்படுவதைக் காட்டியது. ஒரு நிறமாலை போன்ற பரப்பாக இதனை நோக்கும் முறை 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டிலும் இடம்பெற்றது. அதனினும் முக்கியமானது, ஓட்டிசமுடையோர் தாமே பேசத் தொடங்கியமை. அவர்களுள் ஒருவரான ஜிம் சின்கிளயர் 1993 இற் பெற்றாரை நோக்கி, பிறவாத ஒரு பிள்ளைக்காக அழுதுகொண்டு, பிறந்து முன்னே நிற்கும் பிள்ளையைக் காணாதிருக்கின்றீர்கள் என்ற கருத்தை முன்வைத்தார். டேமியன் மில்ரன் 2012 இல் எழுதியது இன்னுமொரு படி அப்பாற் சென்றது. ஓட்டிசமுடையவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தவறுகின்றார் என்பது பாதி உண்மையே. மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தவறுகின்றனர். ஆகவே குறை ஒருவரிடமன்று, இருவருக்கும் இடையில் உள்ளது என்பது அவர் வாதம். சோள வயலில் நின்ற தம்பதியர் அவ்விடைவெளியின் தம் பக்கத்துப் பாதியை நடந்து கடந்தவர்கள்.

டொனல்டின் தந்தை 1980 இலும் தாய் 1985 இலும் மறைந்தனர். மருத்துவர்கள் அஞ்சியது அந்த நாளைத்தான்: பெற்றார் இல்லாதவிடத்து இத்தகையோர் என்னாவர்? டொனல்ட் அதே வீட்டில், அதே ஒழுங்கில், மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். காலையில் நண்பர்களோடு கோப்பி, பின்பு நடை, பிற்பகலில் கோல்ப் ஆட்டம். அவர் வரலாற்றைத் தேடி யோன் டொன்வன், கரன் சக்கர் என்னும் இரு பத்திரிகையாளர் போறெஸ்ற் நகருக்கு வந்து விசாரித்தபோது, ஊரவர் மூவர் தனித்தனியே அவர்களை எச்சரித்தனர். நீங்கள் எழுதுவதால் டொனல்டுக்குத் தீங்கு வருமாயின் உங்களை எங்கே தேடுவதென்று எங்களுக்குத் தெரியும் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம்.