கொட்டாரம்: நெல் முதலில் குடியேறிய வீடு

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய காந்தலூர், மறையூர் முதலான அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. ‘கொட்டாரம்’ என்ற சொல்லோ இரு மொழிகளுக்கும் இருவேறு கட்டடங்களைக் காட்டுகிறது. மலையாளத்தில் அது அரண்மனை: கவடியார் கொட்டாரம், கிருஷ்ணபுரம் கொட்டாரம். தமிழில் அது களஞ்சியம். ஸ்ரீரங்கம் கோயிலில் நெல் சேர்த்துவைத்த பெருங்குதிர்களுக்கு இன்றும் அதுதான் பெயர். களஞ்சியப் பொருளே மூத்தது, அரண்மனை அதிலிருந்து கிளைத்தது என்பதே என் கருத்து. நெல்லைக் கொட்டுமிடம் கொட்டாரம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், கேட்கவும் நன்றாயிருக்கும். ஆனால் எஞ்சும் ‘ஆரம்’ எங்கிருந்து வந்தது? ‘பாண்டாகாரம்’ பண்டாரம் ஆனதுபோல ‘கோஷ்டாகாரம்’ என்னும் வடசொல் பிராகிருதத்தின் வழியே தேய்ந்து கொட்டாரம் ஆயிற்று என்றால் இரண்டு சொற்களுக்கும் ஒரே விடை கிடைக்கிறது. அர்த்தசாஸ்திரம் கோஷ்டாகாரத்துக்குத் தனி அதிகாரியையே வைக்கிறது. கோரக்பூர்ப் பக்கத்துச் சோகௌரா செப்பேடு அவசரகாலச் சேமிப்புக்கான களஞ்சியங்களை இச்சொல்லின் பழைய வடிவத்தாலேயே குறிக்கிறது. கன்னடக் ‘கொட்டார’மும் மராத்திக் ‘கோடா’ரும் தானிய அறையை விட்டு நகரவே இல்லை.

அரசன் வீட்டைப் பத்தாயத்தின் பெயரால் அழைப்பார்களா என்ற மறுப்பு எழலாம். பிரபுவின் வீடு அன்று என்ன வேலை செய்தது என்று பார்த்தால் அதன் வலு குறைந்துவிடும். பாட்டமும் வரியும் தானியமாக வந்த காலத்தில், ஆள்பவன் என்றால் அளந்து வாங்கி அடைத்துவைத்துப் பிறகு பரிமாறுகிறவன். பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை, பெருங்கூட்டத்துக்குச் சோறிட இரண்டு அடுக்காகக் கட்டியது. நெல் பணமாக மாறிய பிறகும் வாங்கும் வாசல் அதுதான்: 1877இல் பூஞ்ஞார் ராஜா கேளவர்மா மூணாறுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலையை ஆங்கிலேயர் ஜான் டேனியல் மன்றோவுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்குக் குத்தகைக்கு விட்டார். மாளிகையே கிடங்காகவும் கடையாகவும் இருந்தது இங்கே மட்டுமல்ல. இத்தாலியில் பிரபுக்களின் மாளிகைக்குப் ‘பலாட்சோ’ என்று பெயர். ரோமப் பேரரசர்கள் வாழ்ந்த பலாட்டைன் குன்றின் பெயரிலிருந்து வந்த, மேட்டுக்குடிச் சொல்தான் அது. ஆனால் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பலாட்சோக்களின் தெருச்சுவரில் ஒரு குப்பி நுழையுமளவு சின்னத் துளைகளை இன்றும் காணலாம். தோட்டத்துத் திராட்சைமதுவைப் பிரபுக் குடும்பங்கள் அவற்றின் வழியே சில்லறையில் விற்றன. பெயர் குன்றில் இருந்தது, பிழைப்பு நிலவறையில் நடந்தது.

இதைவிட வலுவான மறுப்பு மலபாரிலிருந்து வருகிறது. அங்கே கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி குடும்பத்தார் தம் வீடுகளைக் ‘கோவிலகம்’ என்றார்கள். அந்தப் பெயரில் நெல்லே இல்லை, அரசனைக் குறிக்கும் ‘கோ’ மட்டும்தான். உண்மைதான். எல்லா அரசர் வீடும் களஞ்சியத்தால் பெயர் பெற்றது என்று நானும் சொல்லவில்லை. ஆயினும் ‘கோயில்’ என்பது தமிழிலும் முதலில் அரசன் இல்லம்தான். சிலப்பதிகாரத்தில் அந்தப் பொருளைக் காணலாம். பின்னால் அச்சொல் கடவுளுக்குப் போனபோது காணிக்கை நெல்லும் கூடவே போயிற்று. கொட்டாரம் கோயில் மதிலுக்குள் களஞ்சியமாகவே தங்கிவிட்டது. திருவிதாங்கூர்ப் பக்கத்தில் அதே கொட்டாரம் முழு வீட்டுக்கும் பெயராயிற்று.